நூறு பையன்கள் வந்து இறங்கினால்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதக் கேள்விகள் எல்லாமே அமெரிக்காவின் சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் அணி தொடங்குவது பற்றியவை. காலால் உதைக்கும் கால்பந்து அல்ல, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் 900 மாணவர்கள்தான். ஃபுட்பால் தொடங்கினால் சேர்க்கை கூடி, அந்தக் கட்டணத்திலேயே செலவும் அடங்கிவிடும் என்று நிர்வாகக் குழுவில் சொல்கிறார்கள். நம்பலாமா? (கான்சாஸ் வாசகர்)

முதல் ஆண்டில் சேர்க்கை கூடும். ஒரே விளையாட்டின் பெயரால் நூறு பேரைக் கூட்டிவர வேறு எதனாலும் முடியாது. ஆனால் கணக்கை இரண்டாம் ஆண்டில் வைத்துப் போடுங்கள்.

அறிவித்த கட்டணத்தை நூறால் பெருக்கிவிட்டு மகிழ்வதுதான் வழக்கமான தப்பு. உதவித்தொகை போக ஒரு மாணவரால் கையில் நிற்பது 13,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு 13 லட்சம் டாலர். களத்தில் இறங்க வாய்ப்பே கிடைக்காதவர்கள் மே மாதம் மூட்டை கட்டிவிடுவார்கள். 60 பேர் மிஞ்சினால் அந்தத் தொகை 7 லட்சத்து 80 ஆயிரம். கோச்சுகளின் சம்பளம், பஸ், காப்பீடு, விடுதிச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். ஃபுட்பால் இல்லாவிட்டாலும் உங்களிடம் சேர்ந்திருக்கக்கூடிய சிலரையும் இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

எனவே தலைமை கோச்சின் ஒப்பந்தத்தில் வெற்றிகளுக்கு போனஸ் எழுதாதீர்கள். இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வரும் வீரர்களின் விகிதத்துக்கு எழுதுங்கள். வெற்றி மட்டும் அணியைக் காப்பாற்றாது: கலிஃபோர்னியாவின் அசூசா பசிஃபிக், சிறு கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான என்.ஏ.ஐ.ஏ.யின் பட்டத்தை 1998-ல் வென்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். 2020-ல் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டது.

கேள்வி: எந்தச் சங்கத்தில் சேர்வது? அறிவிப்பு வெளியிட்டு எவ்வளவு நாளில் ஆடலாம்?

ஸ்காலர்ஷிப் விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். என்.ஏ.ஐ.ஏ.யில் ஃபுட்பாலுக்கு 24 முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான தொகை வரை கொடுக்கலாம். அதைத் துண்டு போட்டுப் பலருக்கும் பகிரலாம். பெரிய சங்கமான என்.சி.ஏ.ஏ.யின் இரண்டாம் டிவிஷனில் (பிரிவில்) 36. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கூடாது. படிப்புக்கும் தேவைக்கும்தான் உதவி. சேர்க்கைக்காகவே அணி தொடங்கும் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் என்.ஏ.ஐ.ஏ. பக்கமோ மூன்றாம் டிவிஷன் பக்கமோ போவது இதனால்தான். ஃப்ளோரிடாவின் சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2014-ல் என்.ஏ.ஐ.ஏ. அணியாகத்தான் முதல் ஆட்டம் ஆடியது.

முதல் ஆட்டத்துக்குக் குறைந்தது 18 மாதம் முன்பே தலைமை கோச் வேலையில் இருக்க வேண்டும். ஒரு முழுப் பருவம் ஆள் சேர்ப்பதற்கே போய்விடும். கோச்சைத் தேடும் முன்பே கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் அணிகளின் கூட்டமைப்பு) அலுவலகத்தோடு பேசிவிடுங்கள். மற்ற அணிகள் ஆட்ட அட்டவணையை இரண்டு மூன்று ஆண்டு முன்கூட்டியே முடித்து வைத்திருக்கும். கான்ஃபரன்ஸ் இல்லாத புது அணிக்கு மிஞ்சுவது தொலைதூர வெளியூர் ஆட்டங்கள். 60 வீரர்களோடு கோச்சுகளும் சாமான்களும் 56 இருக்கை பஸ் ஒன்றில் அடங்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு பஸ்.

கேள்வி: சொந்த மைதானம் இல்லை. பக்கத்து உயர்நிலைப் பள்ளி மைதானத்தை வாடகைக்கு எடுத்தால் போதுமா?

முதல் சில ஆண்டுகளுக்குப் போதும். ஆனால் டேப்போடு போய் அளந்து பாருங்கள். நீள அகலம் ஒன்றுதான்: இரு முனைப் பகுதிகளோடு 120 கெஜம் நீளம், 160 அடி அகலம். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பள்ளி ஆட்டத்தில் ஹேஷ் கோடுகளுக்கு (பந்தை எதற்குள் வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று காட்டும் இரு வரிசைச் சிறு கோடுகள்) இடையே 53 அடி 4 அங்குலம். கல்லூரிக்கு 40 அடி. கோல் கம்பங்களின் இடைவெளி பள்ளியில் 23 அடி 4 அங்குலம். கல்லூரியில் 18 அடி 6 அங்குலம். கோடுகளை வேறு நிறத்தில் அடித்துவிடலாம். கம்பம் இடைவெளியை மாற்றக்கூடிய வகையா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள்.

இன்னொன்று, பள்ளிகள் வெள்ளி இரவு ஆடும், நீங்கள் சனிக்கிழமை ஆடுவீர்கள். மழை பெய்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நிஜப் புல் மைதானத்தின் நடுப்பகுதி உழுத வயலாக இருக்கும். செயற்கைப் புல்லாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: சாமான் வாங்குவதில் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஹெல்மெட்டில். தலையை அளக்காமல் மொத்தமாக வாங்குவார்கள். நெற்றியில் ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். முகக்கம்பியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அளவு பெரிது. ஆகஸ்டில் நீள முடியோடு அளந்து கொடுத்தது, முடி வெட்டியதும் தொளதொளக்கும். அப்போது மறுபடி அளக்க வேண்டும். நூறு வீரர்களுக்கு 115 ஹெல்மெட்டாவது வாங்குங்கள். தாடைப் பட்டை, கிளிப், திருகு ஆகியவற்றைப் பெட்டி பெட்டியாக வைத்திருங்கள். மற்றொரு கல்லூரி பழையதை இலவசமாகத் தருகிறது என்றால் உள்ளே தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியதை மறுசான்றுக்கு எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது ஜெர்சி எண். தாக்கும் அணி வரிசையில் குறைந்தது ஐந்து பேர் 50 முதல் 79 வரையிலான எண் அணிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது இருப்பது 30 எண். தற்காப்பு வீரர்கள் ஆசைப்பட்டார்கள் என்று 55-ஐயும் 72-ஐயும் தூக்கிக் கொடுத்துவிட்டால் லைன்மேன்களுக்கு (முன்வரிசையில் நிற்பவர்கள்) எண் தட்டுப்பாடு வரும். இரண்டு பேருக்கு ஒரே எண் கொடுக்கலாம். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது. பந்தை உதைக்கும் கட்டங்களில் களமிறங்கும் சிறப்புக் குழுக்களில் கோச் இதை மறந்து அபராதம் வாங்குவதுண்டு.

சலவையை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. வீட்டு வாஷிங் மெஷின் இரண்டை வைத்துக்கொண்டு நூறு பேர் துணியைத் தினமும் துவைக்க முடியாது. ஈரத் துணி மூட்டையிலேயே கிடந்தால் தோல் தொற்று அணி முழுவதும் பரவும்.

கேள்வி: நாங்கள் சமய நிறுவனம். டைட்டில் 9 (கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) எங்களுக்குப் பொருந்தாதுதானே?

பொருந்தும். 1972 சட்டத்தில் உள்ள சமய விலக்கு, உங்கள் மதக் கோட்பாட்டோடு நேரடியாக முரண்படும் இடத்துக்கு மட்டும்தான். பெண்கள் விளையாடக் கூடாது என்பது உங்கள் கோட்பாடு இல்லையே! மத்திய அரசின் மாணவர் உதவிப் பணம் வரும் வரை சட்டமும் உண்டு. மாணவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றால், ஆண்கள் பக்கம் நூறு வீரர்கள் ஒரேயடியாகச் சேரும்போது விகிதம் சாய்ந்துவிடும். ஸ்காலர்ஷிப் தொகையையும் பங்கேற்பு விகிதத்துக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். ஃபுட்பால் அறிவிக்கும் அன்றே பெண்களுக்கான அணிகளையும் அறிவியுங்கள். என்.ஏ.ஐ.ஏ. 2021 முதல் பெண்கள் ஃப்ளாக் ஃபுட்பாலை (மோதி வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் துணிப் பட்டையைப் பறித்து நிறுத்தும் ஆட்டம்) நடத்துகிறது. மைதானமும் பந்தும் ஏற்கெனவே இருப்பதால் செலவு குறைவு.

கேள்வி: ஆகஸ்ட் பயிற்சிக்கு மருத்துவ ஏற்பாடு என்ன வேண்டும்?

நூறு பேருக்கு ஒரே அத்லெடிக் டிரெய்னர் (வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்) என்றால் தொடங்கவே வேண்டாம். முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும். பிறகுதான் படிப்படியாக ஷோல்டர் பேட், முழு உடுப்பு. ஐஸ் தண்ணீர்த் தொட்டி மைதான ஓரத்திலேயே, பயிற்சி தொடங்கும் முன்பே நிரம்பி இருக்க வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் குழம்பிப் பேசும் வீரரை உடனே அதில் இறக்குங்கள்; குளிர்வித்த பிறகே ஆம்புலன்ஸ். பெரிய உடம்புக்கார லைன்மேன்கள் மேல் தனிக் கண் வேண்டும்.

கேள்வி: ஞாயிறு ஆராதனை, கட்டாய சேப்பல் (வளாக வழிபாடு) இவற்றோடு மோதாதா?

ஆட்டம் சனிக்கிழமை என்பதால் நேரடி மோதல் இல்லை. நள்ளிரவு தாண்டி வந்து சேரும் பஸ்தான் ஞாயிறு காலையைக் கெடுக்கும். தொலைதூர ஆட்டங்களைப் பகலில் கேளுங்கள். ஞாயிறு மதியம் வீடியோ பார்க்கும் கோச்சுகளின் பழக்கத்தைத் திங்களுக்கு மாற்றச் சொல்லி, அதையும் வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட அட்வென்டிஸ்ட் நிறுவனங்களுக்குச் சிக்கல் பெரிது. சூரிய அஸ்தமனத்துக்குப் பின் தொடங்கும் உள்ளூர் ஆட்டங்களை ஏற்பாடு செய்யலாம். வெளியூர் ஆட்டத்துக்கு எதிரணி சம்மதித்தால்தான் உண்டு.