இரண்டாவது சேர்வரை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் நெல் கொள்வனவு நிலையத்தில் நிறை, பற்றுச்சீட்டு, கொடுப்பனவு எல்லாம் ஒரே சேர்வரில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடுகின்றன. போன காலபோக அறுவடையில் அது அரை நாள் படுத்துவிட்டது. உழவு இயந்திரப் பெட்டிகள் றோட்டு வரைக்கும் வரிசையில் நின்றன. இன்னொரு சேர்வரை வவுனியாக் கிளையில் வைத்து, இது விழுந்தால் அது தானாக எடுக்கும்படி செய்யலாமா? ஒரு பதிவுகூட தவறக் கூடாது, இரண்டிலும் ஒன்றாகவே விழ வேண்டும் என்கிறார் முதலாளி.
— வாசகர், பரந்தன்

பதில்: முதலாளி கேட்பதைத்தான் நானும் ஒருகாலம் ஒரு களஞ்சியத்துக்குக் கட்டிக் கொடுத்தேன். ஒருநாள் காலை பற்றுச்சீட்டு வரவில்லை என்று அழைப்பு. போய்ப் பார்த்தால் பிரதான சேர்வரில் ஒரு குறையும் இல்லை. சிபியூ சும்மா இருக்கிறது, டிஸ்க்கில் இடம் தாராளம். ஆனால் கொமிற், அதாவது பதிவை முடித்து உறுதிசெய்யும் கட்டளைகள், எல்லாம் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'சிங்க்ரெப்' என்ற காத்திருப்பு. மற்ற அறையில் யாரோ தேத்தண்ணிக் கேத்திலுக்காக இரண்டாவது சேர்வரின் பிளக்கைக் கழற்றியிருந்தார்கள்! ஒத்திசைவு முறையில், நகல், அதாவது இரண்டாவது சேர்வர், 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும்வரை மூலச் சேர்வர் காத்திருக்கும். நகல் ஒன்றுதான், அதுவும் செத்துப்போனால் அந்தக் காத்திருப்புக்கு முடிவில்லை. சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை நேம்ஸ் என்ற வரியை வெறுமையாக்கி ரீலோட் செய்த பிறகுதான் முதல் சீட்டு வந்தது.

ஆகவே ஒத்திசைவுதான் வேண்டுமென்றால் நகல் இரண்டு வேண்டும், அதில் ஏதாவது ஒன்று பதில் சொன்னால் போதும் என்று அமைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து அந்த வசதி உண்டு. ஆனால் உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பேன். மூலம் பதிலுக்குக் காத்திருக்காத, ஒத்திசையாத நகலில், மூலம் விழும்போது போய்ச் சேராத கடைசிச் சில பதிவுகள் போகலாம், உண்மை. உங்கள் தராசடியில் பற்றுச்சீட்டின் கார்பன் பிரதி இருக்குமே, அதைப் பார்த்துத் திரும்ப ஏற்றலாம். வங்கிக்கு இந்தச் சலுகை கிடையாது.

தானாக மாறுவதை மறந்துவிடுங்கள். இரண்டே சேர்வர்கள் இருந்தால், மற்றது செத்ததா, இடையில் லைன்தான் அறுந்ததா என்று நகலுக்குத் தெரியாது. செத்ததென்று நம்பித் தானும் எழும்பிவிட்டால், பரந்தனில் 4127ஆம் இலக்கப் பற்றுச்சீட்டு ஒன்று, வவுனியாவில் இன்னொரு 4127, வேறு வேறு விவசாயிகள் பெயரில். 2018 ஒக்டோபரில், மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் கிற்ஹப் தளத்துக்கு 43 செக்கன் இணைப்பு அறுந்தது. தானியங்கி மாற்றம் அமெரிக்காவின் மற்றக் கரையிலிருந்த சேர்வரை மூலமாக்கிவிட்டது. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்ததால், ஒழுங்குபடுத்தி முடிக்க 24 மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. தானாகவே மாற வேண்டுமானால் சாட்சி சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டும். போஸ்ட்கிரெஸைத் தானாக மாற்றிவிடும் பற்றோனி போன்ற மென்பொருள்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன.

சரி, நான் செய்வது இதுதான். நகல் பரந்தனிலேயே, ஆனால் வேறு கட்டடத்தில், வேறு யூபிஎஸ்ஸில். வவுனியாவில் வைத்தால், சேர்வர் விழுகிற நாளில் லைனும் ஒத்துழைக்க வேண்டுமே! வவுனியாவுக்கு இரவுதோறும் பிஜி டம்ப் கோப்பு, அதாவது முழுத் தரவின் பிரதி, போகட்டும். அதை விட்டுவிடாதீர்கள். யாராவது நிபந்தனை போடாமல் டிலீற் அடித்தால் நகலும் உடனே விசுவாசமாக அழித்துவிடும். டம்ப் மட்டும்தான் மிஞ்சும்.

மாற்றும் வேலையை ஒரு தாளில் எழுதி மொனிற்றரில் ஒட்டுங்கள். முதல் வரி: பழைய சேர்வரின் நெற்வேக் வயரைக் கழற்று. அதன் பிறகுதான் நகலை மூலமாக்கும் பிஜி புரொமோட் கட்டளை. தை பிறக்க முன்னம் ஒரு ஞாயிறு, களஞ்சியப் பொறுப்பாளரைக் கொண்டு செய்வித்துப் பாருங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.