மெனோபாஸ்: மாத்திரை இல்லாமல் எவ்வளவு தூரம் சமாளிக்கலாம்?

கேள்வி: எனக்கு 49 வயது. பினாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். எட்டு மாதமாகத் தீட்டு ஒழுங்காக வருவதில்லை. இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது, தூக்கம் போய்விட்டது, இடுப்பைச் சுற்றிச் சதை போடுகிறது. மாத்திரை எடுக்காமல் சாப்பாடு, உடற்பயிற்சி என்று பழக்கத்தை மாற்றியே சமாளிக்க முடியுமா?

பதில்:

பாதி முடியும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு இறங்கினால் வீண் அலைச்சல் இல்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். கொதிப்பு அடங்கும் என்று நம்பி நடக்க ஆரம்பிப்பார்கள், சோயா குடிப்பார்கள். மூன்று வாரத்தில் கொதிப்பு நிற்காது. ‘ஒன்றும் பிரயோஜனமில்லை’ என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் அல்லாத வழிகளை அலசி 2023-இல் அறிக்கை வெளியிட்டது. உடற்பயிற்சி, யோகா, சோயா, மூலிகை எதையும் ஹாட் ஃப்ளஷ் என்ற இந்தக் கொதிப்புக்கான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை, ஆதாரம் போதாது என்றது. பரிந்துரைத்தவற்றில் மருந்தைத் தவிர்த்துப் பார்த்தால் எடைக் குறைப்பும், எண்ணங்களையும் பழக்கத்தையும் திருத்தும் சிபிடி என்ற உளவியல் பயிற்சியும் உண்டு. உடற்பயிற்சி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அது எலும்புக்கு, சர்க்கரைக்கு, இதயத்துக்கு. எந்தப் பழக்கம் எந்தத் தொல்லைக்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொதிப்பு. நம் வீடுகளில் இதை ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுப்பார்கள். கெடுதல் இல்லை, ஆனால் காரணம் அதுவல்ல. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அது தாங்கிக்கொள்ளும் வெப்ப அளவு குறுகிவிடுகிறது. கொஞ்சம் சூடு ஏறினாலே ஆபத்து என்று நினைத்துத் தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடும், வியர்வையைக் கொட்டும். சில நிமிடத்தில் உடம்பு தேவைக்கு மேல் குளிர்ந்துபோய் நடுக்கம் வரும். பினாங்கின் புழுக்கத்தில் கூடுதல் சிக்கல், வியர்வை காயாது. அதனால் ஏர்கோனை 18-இல் வைத்து நடுங்குவதைவிட 24, 25-இல் வைத்துவிட்டு விசிறிக் காற்று உடம்பில் நேராகப் படும்படி திருப்புங்கள். தடித்த ஒரு போர்வைக்குப் பதில் மெல்லியதாக இரண்டு இருக்கட்டும், ஒன்றைத் தள்ளினாலும் நடுக்கத்துக்கு இன்னொன்று மிஞ்சும். பாலியஸ்டர் நைட்டி வேண்டாம், பருத்தி போதும். இதெல்லாம் அந்த நேரத்தைச் சுலபமாக்கும், எண்ணிக்கையைக் குறைக்காது.

தூண்டுவது எது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரத்தையும், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டது குடித்ததையும் எழுதுங்கள். சிலருக்குச் சுடச்சுட தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), சிலருக்கு சம்பால், சிலருக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் நோட்டில் இல்லாததைப் பிறர் சொன்னதற்காக விட வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு மட்டும் தேநீர், கோப்பியை நிறுத்துங்கள், அது தூக்கத்துக்காக. விழிப்பு வந்து இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். மணி பார்க்காதீர்கள், கைப்பேசி எடுக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். பகலில் பிறர் நடுவே கொதிப்பு வந்தால், ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்’ என்ற பதற்றம் கொதிப்பை இன்னும் பெரிதாகக் காட்டும். ‘ஐந்து நிமிடத்தில் போய்விடும்’ என்று சொல்லிக்கொள்வது அசட்டுத்தனமாகத் தோன்றலாம், சிபிடியில் சொல்லிக்கொடுப்பதில் அதுவும் ஒன்று.

இடுப்புச் சதைக்கு வருவோம். மலேசியாவில் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்கிறார்கள். சர்க்கரை நோய் நம் இந்தியர்களிடம்தான் இங்கே மிக அதிகம், ஆகவே எடை மட்டுமல்ல, ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டிய வயது இது. பெரிய டயட் எதுவும் வேண்டாம். தே தாரிக்கை பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ ஆக்குங்கள், ராத்திரி மாமாக் கடை ரொட்டி சானாயை வாரம் ஒரு நாளாக்குங்கள், சோற்றை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் மீனோ முட்டையோ தெம்பேயோ (புளிக்கவைத்த சோயா) வையுங்கள். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். 60 கிலோ என்றால் 60 கிராம். இட்லி, சாம்பார் பசியாறலில் அதில் சொற்பமே வரும்.

எலும்பை யாரும் கவனிப்பதில்லை, அது வலிக்காது என்பதால். தீட்டு நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு கிளாஸ் பால் (250 மில்லி) சுமார் 300 தரும். கேழ்வரகு மாவு 40 கிராமில் கஞ்சி காய்ச்சினால் 140 போல. மிச்சத்துக்குத் தயிர், தௌஹூ (சோயாக் கட்டி), முருங்கைக்கீரை. பசலைக்கீரையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. நெத்திலி நல்லதுதான், ஆனால் நாம் தலையைக் கிள்ளி, நடு முள்ளை உருவி எறிந்துவிட்டு வறுக்கிறோம். கால்சியம் இருப்பது அந்த முள்ளில். பொடி நெத்திலியை உப்புப் போக நன்றாக அலசி முழுசாகப் போடுங்கள். கால்சியம் மாத்திரை எடுப்பதாக இருந்தால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். காலை ஏழு மணி வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். சூரியன் அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது அதற்குத் தேவையான கதிர் மிகக் குறைவு.

நடை இதயத்துக்கு, வாரம் 150 நிமிடம். எலும்புக்கும் தசைக்கும் பாரம் வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முதல் வாரத்தில் கால்வாசி ஏறினாலே போதும், இறங்கும்போது மெதுவாக, முட்டி நோவது அப்போதுதான். வீட்டில் வாரம் இரண்டு நாள், நடுவே ஓய்வு விட்டு: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுங்கள், ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் கைக்கு ஒன்றாகத் தலைக்கு மேலே பத்து முறை தூக்குங்கள். மூன்று சுற்று. பன்னிரண்டு முறை சிரமமில்லாமல் வந்துவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும். ஆறு மாதமும் அதே போத்தலோடு நின்றால் தசைக்கு வளர வேண்டிய அவசியமே இல்லை.

தும்மினால் சிறுநீர் கசிகிறதா? காற்றை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை உள்ளே இழுத்து ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கினாலோ பிட்டத்தை இறுக்கினாலோ தப்பாகச் செய்கிறீர்கள். பலன் தெரிய மூன்று மாதம் போல் ஆகும். பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் இருந்தால் அந்த இடத்தில் சோப்பு போடுவதை நிறுத்துங்கள். அது தானாகப் போகும் தொல்லை அல்ல, டாக்டரிடம் சொன்னால் களிம்பு உண்டு.

ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, கஷாயம், ‘பெண்களுக்கான’ காப்சூல் வாங்குமுன் பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கிறதா பாருங்கள். பதிவில்லாத ஜாமுக்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் உடம்பு லேசாகிவிடும், பிறகு சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

இத்தனைக்கும் பிறகு ராத்திரிக் கொதிப்பு தாங்க முடியவில்லை என்றால் மாத்திரை என்றதும் பயப்படாதீர்கள். அறுபது வயதுக்குள், அல்லது தீட்டு நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெரும்பாலான பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சையில் ஆபத்தைவிட நன்மை அதிகம், கொதிப்புக்கு அதைவிடப் பலமான மருந்தும் இல்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், அதுவும் இதே மாதிரி வியர்வையும் படபடப்பும் தரும்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தீட்டு இல்லாமல் இருந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கு எட்டு மாதமாக ஒழுங்கில்லை என்றால் இன்னும் நிற்கவில்லை, கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு. ஐம்பதுக்குள் நின்றால் கடைசித் தீட்டிலிருந்து இரண்டு வருடம், ஐம்பதுக்குப் பிறகு என்றால் ஒரு வருடம் கருத்தடையைத் தொடருங்கள்.