தோட்டம் இல்லாத பிளாட் வீட்டில் பிள்ளைகளுக்கு ஈஸ்டர் புதையல் வேட்டை எப்படி நடத்துவது?

பிளாட் வீடு, தோட்டம் கிடையாது, ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள், முட்டைகளை எங்கே ஒளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் பினாங்கில், ஜெலுத்தோங்கில் பிளாட்டில்தான் இருக்கிறோம். தாராளமாக நடத்தலாம். முட்டையை அங்கங்கே போட்டுவிட்டு ‘ஓடிப் போய் எடுங்க’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி நடந்த ஒன்றைப் பார்த்த ஆதங்கத்தில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஒரு வருஷம் எங்களை ஓர் ஈஸ்டர் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம். புல்தரையில் பிளாஸ்டிக் முட்டைகளைக் கொட்டி, விசில் ஊதினார்கள். பெரிய பையன்கள் பாய்ந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். என் சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. கூடையைப் பிடித்தபடி நடுவில் நின்றாள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நடத்தியவர் வந்து ‘அடுத்த வருஷம் இன்னும் வேகமா ஓடணும் கண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போனார். உயிர்ப்புப் பெருவிழா அன்று ஒரு குழந்தையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் பந்தயமே கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அணி. ஒரு சீட்டைக் கண்டுபிடித்தால், அடுத்தது எங்கே என்று அதில் குறிப்பு இருக்கும். கடைசியில் கிடைப்பதைச் சமமாகப் பங்கு போட வேண்டும். வாசிக்கத் தெரியாத சின்னதுகளுக்குச் சீட்டின் மூலையில் ஒரு படம் வரைந்துவிடுவேன்.

குறிப்புகளுக்கு நான் எங்கேயும் தேடி அலையவில்லை, நற்செய்தியிலேயே இருக்கின்றன. இயேசு உயிர்த்தெழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததே ஒரு தேடல்தானே. மாற்கு 16-ஆம் அதிகாரத்தில், பெண்கள் நறுமணப் பொருட்களை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் அவருடைய கல்லறைக்குப் போகிறார்கள். நம் வீட்டில் நறுமணப் பொருள் எங்கே இருக்கும்? அஞ்சறைப்பெட்டியில். அதுதான் எங்களுடைய முதல் இடம். சீட்டைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீரகத்துக்குள் செருகி வைத்திருந்தேன். மஞ்சள் பக்கம் வைக்காதீர்கள், சீட்டோடு சேர்த்துப் பிள்ளைகளின் சட்டையும் போய்விடும்.

இரண்டாவது இடம் கல், கல்லறை வாசலை அடைத்திருந்த கல்லுக்காக. என் அம்மா பழைய வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அம்மி எங்கள் சமையலறையின் பின்பக்கம் இருக்கிறது. குழவிக்கு அடியில் சீட்டு. அன்றைக்கு என் மகன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தான், குழவி அசையவில்லை. என் அண்ணன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, “யாரு அத்தை இதைத் தூக்குவா?” என்று கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, “அந்தப் பொம்பளைங்களும் இதையேதான்டி கேட்டுக்கிட்டுப் போனாங்க, யாரு அந்தக் கல்லைப் புரட்டுவான்னு” என்றார். எனக்கே அது தோன்றவில்லை. பிள்ளைகள் வேட்டையை விட்டுவிட்டுப் பாட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அப்புறம் என்ன ஆச்சு, யார் புரட்டினது, உள்ளே யார் இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறைக்கல்வி வகுப்பில் வருஷம் முழுக்கக் கேட்ட கதைதான். கல்லைக் கையால் தொட்ட பிறகு கேட்டது வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து குழவியை உருட்டினார்கள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள், காலில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில்தான் முடியும்.

மூன்றாவது துணி அலமாரி. கல்லறையில் இயேசுவின் தலையில் சுற்றியிருந்த துண்டு தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததாக யோவான் 20-இல் வருகிறது. மடித்த துணிகளுக்கு நடுவில் ஒன்றை மட்டும் சுருட்டி வைத்தேன், உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து, மகதலா மரியா இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுகிறார் அல்லவா, அதற்கு வாசல் காரிடாரில் இருக்கும் பண்டான் தொட்டி. தோட்டம் இல்லை என்று கவலைப்படாதீர்கள், ஒரு தொட்டி போதும். எம்மாவு ஊரில் அப்பத்தைப் பிட்டபோதுதான் சீடர்கள் அவரை அடையாளம் கண்டார்கள், அதற்கு ரொட்டி பெங்காலி வைத்திருக்கும் டின்.

கடைசி இடம் குளிர்சாதனப் பெட்டி. ஏன் என்றால் மீன். யோவான் 21-இல் வலையில் விழுந்த பெரிய மீன்கள் 153 என்று எண்ணிக்கையோடு போட்டிருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மூன்று எண் பூட்டு ஒன்றை 153-க்கு மாற்றி, புதையல் பெட்டியில் போட்டு, மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். எண் தெரிய வேண்டுமானால் பைபிளைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் பெரிய பையன்கள் தாமாகவே பைபிளை எடுக்க ஓடியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சாக்லேட் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், நம் ஊர்ப் பகல் வெயிலைப் பற்றி உங்களுக்கே தெரியும். சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்தால் அரை மணி நேரத்தில் எறும்பு வரிசை கட்டிவிடும். புதையல் குளிரிலேயே இருப்பதால் இரண்டு தொல்லையும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை இருப்பதால் உருண்டை மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

நிஜ முட்டை வேண்டும் என்றால் அவித்துச் சாயம் போடலாம். இங்கே கடைகளில் கிடைக்கும் கோழி முட்டை பெரும்பாலும் பழுப்பு ஓடு, சாயம் எடுபடாது. பாசாரில் வாத்து முட்டை வாங்குங்கள், ஓடு வெளுப்பாக இருக்கும். வெங்காயத் தோலோடு அவித்தால் செம்பழுப்பு. புங்கா தெலாங், அதாவது நம் சங்குப்பூ, அதைக் கொதிக்க வைத்த தண்ணீரில் கொஞ்சம் வினிகர் சேர்த்து ஊற வைத்தால் நீலம். ஊற வைக்கும்போது குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள். வெளியே எடுத்த முட்டையை இந்த வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

முட்டை வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கெதற்கு என்று யாராவது சொல்ல வருவார்கள். முன்பெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முழுக்க இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிகள் முட்டை போடுவதை நிறுத்துமா? சேர்ந்துபோன முட்டையை உயிர்ப்பு ஞாயிறன்று கொண்டாடிச் சாப்பிட்டார்கள். முட்டை கொண்டுவரும் முயல்தான் ஜெர்மன்காரர்களிடமிருந்து வந்தது, அதை நான் வீட்டில் சேர்ப்பதில்லை. சேர்ப்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். நற்செய்தியை விளையாட்டாக்குகிறாய் என்றும் ஓர் உறவினர் சொன்னார். அம்மியைச் சுற்றி உட்கார்ந்து என் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் தயார் பண்ண நேரம் எங்கே இருக்கிறது? சபா, சரவாக்கில் பெரிய வெள்ளி பொது விடுமுறை. தீபகற்பத்தில் இருக்கும் நமக்குக் கிடையாது. மூன்று மணி வழிபாட்டுக்குப் போக லீவு கேட்டால், என் மேலதிகாரி அன்றைக்குத்தான் முக்கியமான மீட்டிங் என்றார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒரே நாடு, ஒரே விசுவாசம், கடலைத் தாண்டினால் விடுமுறை, இந்தப் பக்கம் கிடையாது. கேட்டால் எண்ணிக்கை குறைவு என்பார்கள். வருஷத்தில் ஒரு நாள்தான் கேட்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு ஈஸ்டர் வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்கு நாங்கள் பினாங்கு ரோடு புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்துக்குப் போய்விட்டு வர நேரமாகிவிடும். அதனால் சீட்டுகளை வெள்ளிக்கிழமை இரவே எழுதி, எது எங்கே என்று ஒரு தாளில் குறித்து வைத்துவிடுவேன். ஞாயிறு காலை பிள்ளைகள் எழுவதற்கு முன்பு ஒளித்தால் போதும். உங்கள் வீட்டில் அம்மி இல்லையென்றால் அரிசி டிரம்மை நகர்த்தச் சொல்லுங்கள். ஒருவரால் முடியாமல் மற்றவரைக் கூப்பிடுகிற அளவுக்குக் கனம் வேண்டும்.