கடலோரம் என்றால் சமதரையா? கொங்கண் சைக்கிள் பயணம்: கேள்வி-பதில்

மேற்குக் கடற்கரையில் மழை விட்டதும் சைக்கிள் பயண விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கடலோரத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்வருகிறோம். டிசம்பரில் மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வாவிலிருந்து கோவா வரை ஆறு நாள் பயணத்துக்கு ஒரு நிறுவனம் தலைக்கு 24,000 ரூபாய் கேட்கிறது. விளம்பரத்தில் 'கடலோரப் பாதை, எளிது' என்று போட்டிருக்கிறார்கள். தொண்ணூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுகிற எங்களுக்கு இது எளிதுதானே?
— வாசகர், திருவான்மியூர்

பதில்: எளிது இல்லை. உங்கள் பாதையில் இருக்கும் பெரிய மேடு முட்டுக்காடு பாலம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கொங்கணுக்குப் போனால் முதல் நாள் மதியத்துக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டீர்கள்.

சோழமண்டலக் கரையில் கடலை ஒட்டி அகலமான சமவெளி இருக்கிறது. கொங்கணில் அது கிடையாது. சகியாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை, கடலுக்கு அருகில் ஓடுகிறது. அதற்கும் கடலுக்கும் நடுவில் செம்பாறைத் திட்டுகள் மேசைமேசையாக நீண்டு வந்து, பல இடங்களில் நேராகக் கடலுக்குள் செங்குத்தாக முடிகின்றன. மலையிலிருந்து இறங்கும் சிறிய ஆறுகள் இந்தத் திட்டுகளை அறுத்துக்கொண்டு அகன்ற கழிமுகங்களாகக் கடலில் கலக்கின்றன. ஊரும் தென்னந்தோப்பும் கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கும், சாலை திட்டின் தலைமேல் போகும். ஏறுவீர்கள், இறங்குவீர்கள், படகில் அக்கரை போவீர்கள், மறுபடி ஏறுவீர்கள். 60, 70 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு நாளில் இந்தச் சின்னச் சின்ன ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஆயிரம் மீட்டரைத் தொடுவது அங்கே அதிசயம் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதே சுமார் 1,500 மீட்டர்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கை, கடல் காற்றின் புழுக்கத்தில், தவணை முறையில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஏற்பாட்டாளரிடம் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, ஒவ்வொரு நாளும் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேளுங்கள். சென்ற முறை ஓட்டியபோது பதிவான ஜிபிஎஸ் தடத்தை அனுப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே நடத்தியவர்களிடம் அது இருக்கும். 'மேடு பள்ளம் கொஞ்சம் இருக்கும் சார்' என்று இழுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். படகுக் கட்டணம் யாருடையது, பின்னால் வரும் துணை வண்டி எல்லாப் படகிலும் ஏறுமா அல்லது சுற்றிக்கொண்டு வருமா, அது வந்து சேரும் வரை உங்கள் பையும் தண்ணீரும் எங்கே இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. மாண்ட்வா முதல் கோவா வரை கரையோரமாகவே போனால் 500 கிலோமீட்டரைத் தாண்டும். அதை ஆறு நாளில் முடிப்பது விடுமுறை ஆகாது, தண்டனை. என் யோசனை: ரத்னகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுமார் 300 கிலோமீட்டர். ஆறு நாள் தாராளம். நான்கு பெரிய படகுத்துறைகளும் இந்தப் பாதிக்குள்ளேயே வந்துவிடுகின்றன, ஊர் திரும்ப ரத்னகிரியில் கொங்கண் ரயில்வேயின் நிலையமும் இருக்கிறது.

மும்பையின் பாவுச்சா தக்காவிலிருந்து வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோரோ கப்பலில் சைக்கிளோடு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. நகரத்தின் நெரிசலை இப்படிக் கடல் வழியாகத் தப்பிப்பதே பயணத்தின் முதல் இன்பம். அலிபாக், காஷித் வழியாக முருட் வரை பாக்குத் தோப்பும் கடலும் மாறிமாறி வரும். முருட் அருகே கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிரா கோட்டையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அகர்தாண்டாவிலிருந்து திகிக்கு முதல் படகு. அதன் பிறகு திவேகரிலிருந்து ஸ்ரீவர்தன் போக உள்வழியைக் காட்டினால் மறுத்துவிட்டு, ஆராவி வழியாகக் கடலை ஒட்டிப் போகும் சாலையைக் கேட்டு வாங்குங்கள். அலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இந்தப் பயணத்தில் உங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அருகில் வரும் துண்டு அது ஒன்றுதான், அதனால் மனதார அனுபவியுங்கள்.

பாக்மண்ட்லாவிலிருந்து வேஷ்விக்கு இரண்டாவது படகு, சாவித்திரி ஆற்றின் முகத்துவாரத்தில். இங்கிருந்து கதை மாறுகிறது. கேள்சி, ஆஞ்சர்லே, ஹர்ணை, தாபோலிக் கரை என்று போகும் இந்தப் பகுதிதான் பாதையின் மிக அழகான பகுதியும் மிகக் கடுமையான பகுதியும். ஹர்ணையில் மீன் ஏலத்தைப் பார்க்க ஒரு நேரம் ஒதுக்குங்கள். எதிரே கடலில் சுவர்ணதுர்க் கோட்டை. லாட்கர், கோள்தரே பக்கம் கிராமச் சாலைகள் செம்மண்ணும் ஜல்லியுமாக இருக்கும், மவுண்டன் பைக் அங்கேதான் தன் விலையைத் திருப்பித் தரும். இந்த ஏற்றங்களில் ஒன்றில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க நின்றபோது, தலையில் சுள்ளிக்கட்டோடு வந்த ஒரு பாட்டி என்னைக் கடந்து போய், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். வெட்கப்பட நேரம் இல்லை, அடுத்த மேடு தெரிந்தது.

தாபோளிலிருந்து தோபாவேக்கு மூன்றாவது படகு, குகாகர் தாண்டித் தவ்சாலிலிருந்து ஜெய்கட்டுக்கு நான்காவது. கணபதிபுலேயிலிருந்து ரத்னகிரிக்கு ஆரே-வாரே வழியாகப் போங்கள். மேட்டின் உச்சியில் திரும்பியதும் இரண்டு கடற்கரைகள் ஒன்றாக விரியும்.

வடக்கிலிருந்து தெற்கே ஓட்டுவதே நல்லது. குளிர்கால மாதங்களில் பிற்பகல் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும், முதுகைத் தள்ளிவிடும். மும்பை-கோவா தேசிய நெடுஞ்சாலை 66-இல் நாள் கணக்கில் ஓட வைக்கும் எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்டாதீர்கள். லாரிப் புகையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கேள்வி: இதே பயணத்துக்காக மவுண்டன் பைக் வாங்க நினைக்கிறேன். ஒரு கடையில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) உள்ள சைக்கிள் 19,000 ரூபாய். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது 27,000. இரண்டு இருப்பது மலிவாகக் கிடைக்கும்போது ஒன்று இருப்பதை ஏன் வாங்க வேண்டும்? அல்லது வாடகைக்கு எடுத்துவிடலாமா?
— வாசகி, கோவை

பதில்: மலிவு விலையில் வரும் பின்பக்க சஸ்பென்ஷன் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஏற்றத்தில் நீங்கள் பெடலை மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். சைக்கிளின் எடையும் கூடும். கொங்கணில் நீங்கள் பாறைமேல் குதிக்கப் போவதில்லை, மேடு ஏறப் போகிறீர்கள். 27,000 ரூபாய் சைக்கிளே சரி, அதிலும் முன் சஸ்பென்ஷனைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரர் '21 கியர், 24 கியர்' என்று எண்ணிக்கை சொல்வார். எண்ணிக்கை முக்கியம் இல்லை. முன்னால் இருக்கும் மிகச் சிறிய பற்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கும் மிகப் பெரியதில் எத்தனை பல் என்று குனிந்து எண்ணுங்கள். முன்னால் 22, பின்னால் 32 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது, மெதுவாக நகரும், ஆனால் எந்த மேட்டிலும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். சாலைப் பந்தய வகை சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 28 என்று இருக்கும். அதில் ஒரு மிதிக்கு ஒரு சுற்றுக்கு மேல் போகும், முழங்கால் அழும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது பிரேக். ஏறியதையெல்லாம் இறங்க வேண்டும், இறக்கத்தின் முடிவில் பெரும்பாலும் ஒரு ஊரோ படகுத்துறையோ இருக்கும். டிஸ்க் பிரேக் வாங்குங்கள். எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் வகைக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் ஆனாலும் தகும், விரல் வலிக்காது. டயரில் ஆழமான கட்டைகள் வேண்டாம், நடுவில் ஓரளவு வழுவழுப்பாக இருந்தால் தாரிலும் செம்மண்ணிலும் ஓடும். சைக்கிளின் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் இத்தனையும் வீண். இருப்பில் உள்ள அளவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இணையத்தில் வாங்கினால் சைக்கிள் முழுதாகப் பூட்டி வராது. மீதியை மெக்கானிக் பூட்டினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று சில நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன, அந்த மெக்கானிக் கூலிக்கும் ரசீது வாங்கி வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரசீதில் பழைய விகிதம் இருந்தால் கேளுங்கள்.

வாங்குவதா, வாடகையா? ஊர் திரும்பிய பிறகு ஆனைகட்டிப் பக்கம் மாதம் இரண்டு முறையாவது ஓட்டுவேன் என்றால் வாங்குங்கள். இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் என்றால் மும்பையில் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். கையில் வாங்கும்போதே கீறல்கள், சக்கரத்தின் கோணல், கியர் மாற்றம் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது முன்வைப்புத் தொகையில் கைவைக்க அவருக்கு மனம் வராது. வாடகை சைக்கிளோ சொந்த சைக்கிளோ, பின் கியரைத் தாங்கும் 'ஹேங்கர்' என்ற சிறு அலுமினியத் துண்டு ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் போடுங்கள். சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் மாறும், வழிக் கிராமங்களில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கேள்வி: சொந்த சைக்கிளை மும்பைக்கு ரயிலில் கொண்டுபோனால் தொலைந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது. 45,000 ரூபாய் சைக்கிள்.
— வாசகர், மதுரை

பதில்: தொலைவது அரிது, அடிபடுவது சகஜம். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, கியர் பக்கத்துக்கு அட்டை சுற்றிக் கொடுங்கள். முக்கியமான விஷயம் வேறு. உடைமையின் மதிப்பைப் பதிவின்போதே அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டாவிட்டால், பயணியின் லக்கேஜுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். 15 கிலோ சைக்கிள் காணாமல் போனால் 1,500 ரூபாய். எனவே மதிப்பை எழுதிக் கொடுத்துக் கட்டணத்தைக் கட்டுங்கள், வாங்கிய ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ரத்னகிரியில் ஏற்றுவதாக இருந்தால் உங்கள் ரயில் அங்கே எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். குறைந்த நேரம் நிற்கும் ரயிலில் சைக்கிளை ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு இப்படி ஒரு பயணத்துக்கு 18,500 ரூபாய் கட்டினேன். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, போதிய ஆட்கள் சேரவில்லை என்று ஏற்பாட்டாளரே ரத்து செய்துவிட்டார். பணத்தைக் கேட்டால் 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனையைக் காட்டி, அடுத்த பயணத்துக்கான கூப்பன் தருகிறார். அவர் இருப்பது மும்பையில், நான் திருச்சியில்.
— வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் வராமல் போனால் பிடித்துக்கொள்வதற்கு அவர் போட்ட நிபந்தனை அது. அவரே நடத்தாமல் விட்ட பயணத்துக்கு அதைக் காட்டுவது வாதமே இல்லை. சேவை தரப்படவில்லை, பணம் வர வேண்டும். கூப்பனை ஏற்றுக்கொள்வதாக வாட்ஸ்அப்பில்கூட ஒரு வார்த்தை எழுதிவிடாதீர்கள்.

முதலில் மின்னஞ்சலில், தேதி குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து முழுத் தொகையையும் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இணையத்திலேயே பதியலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. உங்களுக்கு ஓர் ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது, இந்த வாரமே தொடங்குங்கள். ரத்தான பயணத்தை நம்பி எடுத்த ரயில் டிக்கெட்டில் இழந்த தொகைக்கும் சான்று இருந்தால் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 66. முழங்கால் அவ்வளவாக ஒத்துழைக்காது. மின்சார சைக்கிளில் கொங்கண் போகலாமா? 60 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: போகலாம். ஆனால் அந்த 60 பெரும்பாலும் சமதரையில், லேசான ஆள் ஓட்டிய கணக்காக இருக்கும். கொங்கண் மேடுகளில் அதில் பாதியை மட்டும் எதிர்பார்த்து நாள் திட்டம் போடுங்கள். கைப்பிடியைத் திருகினால் ஓடுவதைவிட, மிதிக்கும்போது துணை கொடுக்கும் வகைதான் மேட்டுக்கு ஏற்றது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவோ உரிமமோ தேவையில்லை. விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் அதைவிடப் பெரிது. மும்பையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

மாண்ட்வாவிலிருந்து ஸ்ரீவர்தன் வரை மட்டும், நான்கு நாளில், நிதானமாகப் போங்கள். தாபோலிப் பக்கம் வேண்டாம். பேட்டரியைக் கழற்றி அறைக்குள் எடுத்துப்போய் சார்ஜ் செய்யக்கூடிய மாடலாக எடுங்கள். தங்கும் வீட்டாரிடம் முன்பதிவின்போதே மின்வெட்டு எந்த நேரத்தில் வரும் என்றும் கேட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் இடத்திலும் சார்ஜரைச் சொருக ஓர் இடம் கேளுங்கள். சாப்பாடு, சோல்கடி என்ற கோகம் பானம், சிறு தூக்கம் என்று இரண்டு மணி நேரம் போனால் மாலை மேட்டுக்குப் போதுமான அளவு ஏறியிருக்கும்.