லோஃபருக்கு எதற்கு குட்இயர் வெல்ட்?

கேள்வி: கல்யாண ரிசப்ஷனுக்கு ஒரு பிரவுன் லோஃபர் ஆர்டர் கொடுத்துச் செய்யலாம் என்று ஆம்பூரில் விசாரித்தேன். நான் காட்டிய படத்தில் சோல் மெலிசாக, ஓரம் வெளியே தெரியாமல் இருக்கிறது. கடைக்காரர் "குட்இயர் வெல்ட் போட்டுக்கோங்க, அதுதான் உசத்தி" என்கிறார். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. போடலாமா?

பதில்: வேண்டாம். உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் படத்துக்கும் அதற்கும் ஒத்துவராது. குட்இயர் முறையில் மேல்தோல், உள்ளே இருக்கும் இன்சோலின் விளிம்பு, 'வெல்ட்' என்கிற தோல் பட்டை மூன்றையும் முதலில் சேர்த்துத் தைப்பார்கள். அப்புறம் அந்தப் பட்டையோடு அடிச் சோலைத் தனியாகத் தைப்பார்கள். நடுவில் விழும் பள்ளத்தைக் கார்க் வைத்து நிரப்புவார்கள். இரண்டாவது தையல் விழ இடம் வேண்டுமே, அதனால் ஷூவைச் சுற்றி ஒரு திண்ணை மாதிரி விளிம்பு நீட்டிக்கொண்டே இருக்கும், சோலும் கனக்கும், புதிதில் வளைந்தும் கொடுக்காது. பூட்ஸுக்கும் லேஸ் கட்டும் கனமான ஷூவுக்கும் அந்த விளிம்பே அழகு. லோஃபரில் கட்ட லேஸ் இல்லை, விறைத்த சோல் வளையாமல் நின்றால் நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று வரும். (பெயரைப் பார்த்து டயர் கம்பெனி என்று நினைக்க வேண்டாம். ரப்பருக்குப் பேர்போன சார்லஸ் குட்இயரின் மகன் கொண்டுவந்த மெஷின் இது. டயர்காரர்கள் அப்பா பெயரை 1898இல் மரியாதைக்காக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.)

நீங்கள் கேட்க வேண்டியது பிளேக் தையல். 1858இல் அமெரிக்காவில் லைமன் பிளேக் என்பவர் காப்புரிமை வாங்கிய மெஷினிலிருந்து வந்த முறை. ஷூவுக்கு உள்ளேயிருந்து இன்சோல், மடித்த மேல்தோல், அடிச் சோல் எல்லாவற்றையும் ஒரே தையலாகக் குத்தி இறக்கிவிடுவது. பட்டை கிடையாது, அதனால் சோலை ஒட்ட வெட்டலாம், முதல் நாளே வளையும். இத்தாலிய லோஃபர்களில் பார்க்கும் அந்த ஒல்லி உருவம் பெரும்பாலும் இதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. தையல் ஓட்டை நேராக உள்ளே போவதால் மழைத் தண்ணீர் அதே வழியில் ஏறும். தோல் சோல் வைத்தால் அதன் அடியில் மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, சோல் தேய்ந்தால் மாற்றித் தருவீர்களா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஷூவுக்குள் கை நுழைக்கிற மாதிரி நீண்ட கொம்பு உள்ள மெஷின் இருந்தால்தான் மறுபடி அதே தையல் போட முடியும், தெருமுனையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவர் ஓரத்தில்தான் தைத்துத் தருவார், அழகு போய்விடும்.

ரிசப்ஷனுக்கும் அப்புறம் வருஷத்துக்கு நாலைந்து விசேஷத்துக்கும் மட்டும்தான் என்றால் பசை போட்டு ஒட்டிய சோலே போதும், மிச்சப் பணத்தை நல்ல மேல்தோலுக்குக் கொடுங்கள். ஒட்டும் இடத்தைச் சரியாகச் சொரசொரப்பாக்கி, பசையைச் சூடேற்றி, பிரஸ்ஸில் அழுத்தியிருந்தால் அதுவும் வருஷக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: நாலு வருஷம் முன்பு வாங்கிய ஃபார்மல் ஷூவை இரண்டு தடவைதான் போட்டேன், பெட்டியிலேயே இருந்தது. போன வாரம் போட்டு நடந்தால் சோல் கேக் மாதிரி உதிர்கிறது. பசை மோசமா?

பதில்: பசை மோசம் என்றால் சோல் வாயைப் பிளக்கும், முழுசாகக் கழன்று வரும். உதிர்ந்தால் அது பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகைச் சோல். காற்றிலுள்ள ஈரம் வருஷக்கணக்கில் அந்தப் பொருளையே உடைத்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம், காற்றுப் புகாத பெட்டியில் கொஞ்சம் ஈரத்தோடு வைத்தால் இன்னும் சீக்கிரம். தைத்தாலும் ஒட்டினாலும் இதற்குத் தீர்வில்லை. மேல்தோல் நன்றாக இருந்தால் ரப்பர் சோலாக மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். வாரண்டி முடிந்திருக்கும். வாரண்டிக்குள்ளேயே உதிர்ந்து, கடையும் கைவிரித்தால் 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம்.

கேள்வி: ஓரத்தில் தையல் தெரிந்தால் தைத்த ஷூ என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஒட்டுச் சோலிலேயே அழகுக்குத் தையல் போட்ட பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். சில சோல்களில் தையல் அச்சாகவே வார்த்து வரும். கவிழ்த்துப் பாருங்கள்: மேலே தெரியும் தையல் அடியிலும் அதே இடைவெளியில் ஓட வேண்டும், இல்லையென்றால் ஒரு பள்ளத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். அடியில் வழுவழு ரப்பர்தான் என்றால் உள்ளே இருக்கும் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், சுற்றிலும் தையல் ஓடினால் பிளேக். அங்கேயும் இல்லையா, அநேகமாக ஒட்டியதுதான். தைத்த விலை கொடுக்காதீர்கள்.