3 கி.மீ. 45 மீ. எப்படி 345 மீட்டர் ஆகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் 1 கிலோமீட்டருக்கு 1000 மீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறாளாம். ஆனால் 3 கி.மீ. 45 மீட்டரை மீட்டரில் எழுதச் சொன்னால் 345 என்கிறாள். மரம் நடும் கணக்கிலும் எப்போதும் ஒன்று குறைகிறது. என்ன செய்யலாம்?

முதலில் அவளைத் திட்டாதீர்கள், அவள் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 3 மீட்டர் 45 சென்டிமீட்டர் என்றால் 345 செ.மீ., 3 ரூபாய் 45 பைசா என்றால் 345 பைசா. அங்கெல்லாம் இரண்டு எண்ணையும் ஒட்டி எழுதினாலே விடை சரியாக வந்தது, நோட்டில் டிக்கும் விழுந்தது. அந்தப் பழக்கம்தான் கிலோமீட்டருக்கும் வந்திருக்கிறது. 3 மீட்டர் 5 சென்டிமீட்டர் எத்தனை செ.மீ. என்று கேட்டுப் பாருங்கள். 305 என்று சொன்னால் சிக்கல் கிலோமீட்டரில் மட்டும்தான். 35 என்று சொன்னால் மீட்டர், சென்டிமீட்டரிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

மீட்டருக்கு மூன்று கட்டம் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் ஆவதற்கு முன் 999 மீட்டர் வரை போகலாம், அதனால் மூன்று இடம் வேண்டும். சென்டிமீட்டர் 99 வரைதான், அதற்கு இரண்டு போதும். 45-ஐ மூன்று கட்டத்தில் வலது ஓரத்திலிருந்து எழுதினால் முன்னால் ஒன்று காலியாக நிற்கும், அங்கே 0. அப்படித்தான் 3045 வருகிறது. பூஜ்யத்தை எங்கே சேர்ப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் கட்டம் மட்டும் போதாது என்பேன். நம் பிள்ளைகளில் பலருக்கு 100 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று கண்ணால் தெரியாது, நாம் காட்டியதும் இல்லை. 10 மீட்டருக்கு ஒரு கயிறு வெட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவில் பத்து தடவை போட்டு அளந்து பாருங்கள். அந்தத் தூரத்தை அவளை நடக்கவிட்டு காலடியை எண்ணச் சொல்லுங்கள், சுமார் 200 வரும். நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்களையும் காட்டுங்கள், 200 மீட்டருக்கு ஒன்று. இதெல்லாம் பார்த்த பிறகு, 345 மீட்டர் என்றால் ஐந்தாறு நிமிஷ நடை, 3 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று அவளே கேட்பாள். கணக்குப் போடுவதற்கு முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று சொல்லச் சொல்லிப் பழக்குங்கள்.

அப்புறம் மரக் கணக்கு. 100 மீட்டர் வரிசை, 10 மீட்டருக்கு ஒரு மாங்கன்று, இரண்டு முனையிலும் கன்று உண்டு என்றால் மொத்தம் 11. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குப் போனால் நேரிலேயே எண்ணிப் பார்க்கலாம். அவள் எண்ணுவது இடைவெளியை, கேள்வி கேட்பது கன்றை. கையை விரித்தால் விரல் ஐந்து, இடைவெளி நான்கு, அவ்வளவுதான் விஷயம். அதற்காக எப்போதும் ஒன்று கூட்டு என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். 100 மீட்டர் சுற்றளவுள்ள குட்டையைச் சுற்றி நட்டால் கடைசி இடைவெளி முதல் கன்றிலேயே வந்து முடியும், அங்கே விடை 10. ஒவ்வொரு தடவையும் சின்னப் படம் ஒன்று வரைந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

3.45 கி.மீ. போன்ற தசமக் கணக்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அது 3450 மீட்டர். 3045 கையில் நிற்பதற்கு முன் இதையும் கொடுத்தால் இரண்டும் குழம்பிவிடும்.