கப்பல் சுற்றிப் போகிறது, மகள் லாஜிஸ்டிக்ஸ் படிக்கலாமா?

வணக்கம் ஐயா,

கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு என்னை வாசலில் நிறுத்திக் கேட்டீர்கள். "பாப்பா பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ்தான் படிப்பேங்குது. கப்பல் போற வழியே சரியில்லை, அதைப் படிச்சு என்னங்க பண்றது?" லாஜிஸ்டிக்ஸ் என்றால் சரக்கைச் சரியான நேரத்தில், சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. நின்றபடி பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

திருப்பூரில் இத்தனை வருடம் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருந்தவர் நீங்கள். உங்களுக்குப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், ஐரோப்பா போகிற சரக்கு சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டியதாயிற்று. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. அது போதாதென்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலான ஆர்டர் எஃப்.ஓ.பி. முறையில்தான். கப்பலில் ஏற்றும்வரை நம் பொறுப்பு, அப்புறம் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பயர் (buyer) பாடு. அப்படியானால் கடலில் 14 நாள் கூடினால் நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் ஜெர்மனியில் கடைக்குச் சரக்கு வர வேண்டிய தேதி மாறாதே! அதனால் பயர் ஷிப்மெண்ட் தேதியை இரண்டு வாரம் முன்னால் இழுப்பார். நூல் வாங்க, நிட்டிங், டையிங், தையல், செக்கிங் எல்லாவற்றுக்கும் இருந்த நாட்களில் இரண்டு வாரம் போய்விடும். தேதி தவறினால் "உங்கள் செலவில் ஏரில் அனுப்புங்கள்" என்பார்கள், அதாவது விமானத்தில். அந்த ஏர் பில் வந்த மாதம் முதலாளி முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த மாதம் கம்பெனியில் கடைசியாக விளக்கணைத்துப் போனது யார்? ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை கவனிக்கிற மெர்ச்சண்டைசரும் ஷிப்பிங் டிபார்ட்மெண்டும். எந்தக் கப்பலில் இடம் இருக்கிறது, கொழும்பில் மாற்றி ஏற்றும் கப்பல் தாமதமா, கொச்சி வழியாக அனுப்பினால் நாள் மிச்சமாகுமா, பாதியை மட்டும் ஏரில் போட்டுச் சமாளிக்கலாமா என்று போனும் கையுமாக இருந்தவர்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது இந்த ஆட்களை யாரும் கண்டுகொள்வதில்லை. வழி அடைபட்டால்தான் மதிப்பு. எனக்கு இந்தத் துறையில் நம்பிக்கை வருவதே இதனால்தான்.

பெரிய கம்பெனிகளும் இதைப் பட்டுத்தான் கற்றன. தேவையான பொருள் தேவையான நேரத்தில் வந்தால் போதும், குடோனில் அடுக்க வேண்டாம் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்ததே டொயோட்டா. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது உதிரிபாகம் இல்லாமல் அதன் ஆலைகள் நின்றன. பிறகு, சிப் போன்றவற்றை மாதக்கணக்குக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொல்லிவிட்டது. 2021 தொடக்கத்தில் சிப் இல்லாமல் மற்ற கார் கம்பெனிகள் திணறியபோது அது ஓரளவு தாங்கியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவி உதிரிபாகம் நின்றதும், அதுவும் உற்பத்தியை 40 சதவீதம் குறைத்தது. இருப்பு வைத்தால் பணம் முடங்குகிறது, வைக்காவிட்டால் ஆலை நிற்கிறது. எவ்வளவு வைப்பது என்று கணக்குப் போடவே ஆள் தேவைப்படுகிறது.

இனி கசப்பான பகுதி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் டைப் அடிப்பது, கண்டெய்னர் எங்கே என்று பார்த்துச் சொல்வது போன்ற வேலைகளை சாஃப்ட்வேர் வேகமாக எடுத்துக்கொண்டு வருகிறது. அதை மட்டும் தெரிந்துகொண்டு வெளியே வந்தால் கஷ்டம். ஆரம்பச் சம்பளமும் ஐ.டி. மாதிரி எதிர்பார்க்காதீர்கள். "ஆறே மாதம், ஏர்போர்ட்டில் வேலை உறுதி" என்கிற டிப்ளமோ பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். ஃபீஸ் கட்டிவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வந்த பெற்றோர் நிறைய.

பட்டத்தின் பெயர் பெரிய விஷயமில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் இருக்கிறது, கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.காம். போதும். கூடவே எக்செல் சரளமாக வர வேண்டும், எச்.எஸ். கோடும் (சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வகை எண்) இன்கோடெர்ம்ஸும் (எஃப்.ஓ.பி. போல, எதுவரை யார் பொறுப்பு என்று சொல்லும் விதிகள்) புரிய வேண்டும். கம்பெனிகளுக்காகச் சுங்க வேலைகளை முடித்துத் தருகிற சுங்க முகவர் வேலையில் பிடிப்பு வந்தால், ஆரம்பநிலை அனுமதி அட்டையான எச் கார்டில் நுழைந்து, சுங்கத் துறையின் தேர்வுகளை எழுதி ஜி கார்டு, எஃப் கார்டு என்று மேலே போகலாம். சுங்கச் சட்டம் தெரிந்து, கையெழுத்துக்குப் பொறுப்பேற்கிற வேலை என்பதால் அதற்கு ஆள் தேவை சீக்கிரம் குறையாது என்பது என் கணிப்பு. பெண் பிள்ளை துறைமுகத்தில் ராத்திரி நிற்க வேண்டுமோ என்று தயங்கினீர்கள். சில வேலைகளில் உண்டு. பெரும்பாலானவை ஆபீஸில், கம்ப்யூட்டர் முன்னால்தான்.

சேர்க்கைக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கம்பெனி ஷிப்பிங் டிபார்ட்மெண்டில் கேட்டு, பாப்பாவை ஒரு வாரம் அங்கே உட்கார வையுங்கள். ஒரே ஆர்டரின் இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்), பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) மூன்றையும் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். சலிப்புத் தட்டினால் வேறு படிப்புப் பார்ப்போம். அதற்கடுத்த ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு வேண்டுகோள், அன்றைக்கு நீங்கள் பேசாமல் இருங்கள். அவள் பேசட்டும்.